உப்புக் காற்றில் நின்ற காருக்கு எத்தனை நட்சத்திரம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் புதிய கார்களின் நட்சத்திர மதிப்பீட்டைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மோதல் சோதனை எவ்வாறு நடக்கிறது, எந்தக் கார் எத்தனை நட்சத்திரம் வாங்கியிருக்கிறது என்பதையெல்லாம் கட்டுரையாளர் தெளிவாகவே எழுதியிருந்தார். ஆயினும் மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று கடலை ஒட்டிக் குடியிருக்கும் எங்களைப் போன்றோருக்கு அந்தக் கட்டுரை பாதிவழியிலேயே நின்றுவிட்டது. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அன்றைய இரும்புக்குக் கொடுக்கப்பட்ட நட்சத்திரம், அதே இரும்பு பத்து ஆண்டுகள் எங்கள் உப்புக் காற்றில் நின்ற பிறகும் செல்லுமா என்ற கேள்வியை அது எழுப்பவே இல்லை. அந்தக் கேள்விக்கு நான் பணம் கொடுத்து விடை தெரிந்துகொண்டவன் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உச்சிப்புளிக்கு அருகில் வசிக்கிறேன். மனைவியின் கண் சிகிச்சைக்காக அடிக்கடி மதுரைக்குப் போகவேண்டியிருந்ததால், மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு புரோக்கர் மூலமாக, 2013-இல் தயாரான சிறிய கார் ஒன்றை இரண்டே கால் லட்சம் ரூபாய்க்கு வாங்கினேன். "டாக்டர் வீட்டு வண்டி சார், சிங்கிள் ஓனர், முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, அலுங்காம வச்சிருந்தாங்க" என்றார் அவர். வெள்ளை வர்ணம் கண்ணைப் பறித்தது. என்ஜின் ஓசை சீராக இருந்தது, ஏ.சி. குளிர்ந்தது, ஆர்.சி. புத்தகத்திலும் காப்பீட்டிலும் குறை ஒன்றும் இல்லை. நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு விசையும் அழுத்தமும் கற்பித்தவன், அந்த வண்டிக்கு அடியில் ஒரு முறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

நான்கு மாதம் கழித்து, பிரப்பன்வலசை அருகே சாலையோரத்தில் பின்சக்கரம் பஞ்சரானது. என் மைத்துனர் ஜாக்கியை அதற்குரிய இடத்தில் பொருத்திச் சுற்றினார். கொஞ்ச நேரம் சுற்றியவர், நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அத்தான், வண்டி மேலே ஏறலை. ஜாக்கிதான் வண்டிக்குள்ளே ஏறுது."

உண்மையாகவே ஏறிக்கொண்டிருந்தது. கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில் நீளப் பெட்டிபோல ஓடும் இரும்புப் பகுதியை, ஜாக்கியின் தலை அப்பளத்தை நொறுக்குவதுபோல நொறுக்கிக்கொண்டு உள்ளே போயிருந்தது. உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி அளவுக்குச் செந்தூளும் கடல் மணலும் கொட்டின. மறுநாள் மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். திருப்புளியால் நாலைந்து இடங்களில் குத்திப் பார்த்துவிட்டு, "மேலே பெயிண்டு, கீழே பட்டி, நடுவுல வெறும் காத்து சார்" என்றார். அந்தக் காற்றை நம்பித்தான் மணிக்கு எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் மனைவியை மதுரைக்கு அழைத்துப் போய் வந்திருக்கிறேன்.

இதை ஓர் ஏமாந்தவனின் புலம்பலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இக்காலக் கார்களுக்கு லாரிக்கு இருப்பதுபோலத் தனி இரும்புச் சட்டகம் கிடையாது; தரைத்தகடு, கதவுத் தூண்கள், கூரை, நான் மேலே சொன்ன அடிப்பெட்டி ஆகிய யாவும் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு ஒரே கூடாக நிற்கின்றன. எதிரே ஒன்று மோதும்போது முன்பக்கம் நசுங்கி ஆற்றலை உண்ண வேண்டும், ஆட்கள் அமர்ந்திருக்கும் கூடு நசுங்காமல் நிற்க வேண்டும் என்பதே அதன் அமைப்பு. முன்பக்கத்திலிருந்து வரும் விசையின் ஒரு பெரும்பகுதி இந்த அடிப்பெட்டி வழியாகவே பின்னுக்குக் கடத்தப்படுகிறது. இருக்கைப் பட்டையின் கீழ்முனை பூட்டப்பட்டிருக்கும் நடுத்தூணும் இதன்மேல்தான் ஊன்றியிருக்கிறது. பக்கவாட்டில் ஒரு வண்டி வந்து இடித்தால் முதலில் தாங்குவதும் இதுவே. ஆகவே இது உளுத்துப்போன காரில் ஆறு காற்றுப்பைகள் இருந்தாலும், மண்சுவரில் மாட்டிய இரும்புக் கதவின் கதைதான்.

எங்கள் கரையின் காற்று இரும்பை என்ன செய்யும் என்பதற்கு வேறெங்கும் சாட்சி தேட வேண்டியதில்லை. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம், ஆண்டு முழுவதும் வர்ணம் பூசியும் பராமரித்தும், துருவின் காரணமாகவே 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தை நிறுத்திக்கொண்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் தனிவகை மேற்பூச்சையும் பயன்படுத்த வேண்டியிருந்தது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோக அரிப்பை ஆராய்வதற்கு மண்டபம் முகாமைத் தேர்ந்தெடுத்ததும் சும்மா அல்ல. ரயில்வேயின் எஃகையே தின்ற காற்று, ஒரு மில்லிமீட்டர் கனமேயுள்ள கார்த் தகட்டின்மேல் இரக்கம் காட்டப் போவதில்லை.

இதில் காற்றை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பாதிப் பழி எங்கள் பழக்கங்களைச் சேரும். அடிப்பெட்டியிலும் கதவுகளின் கீழ்விளிம்பிலும் உள்ளே இறங்கும் நீர் வடிவதற்குச் சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள். தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் போய்வரும் வண்டிகளில் பறக்கும் மணல் அந்தத் துளைகளை அடைத்துவிடுகிறது. அதன்பின் உள்ளே தேங்குவது ஈரம் மட்டுமல்ல, உப்பு கலந்த ஈரம். உப்பு காற்றின் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்வதால், அடைந்த பெட்டியின் உட்புறம் கோடையிலும் முழுமையாகக் காய்வதில்லை. துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியே வர்ணத்தில் ஒரு கொப்புளம் தெரியும் நாளில், உள்ளே வேலை முடிந்திருக்கும்.

அடுத்தது, வண்டி கழுவும் தண்ணீர். நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் ஊர்களில், குடிநீர்க் குழாயில் வரும் காவிரித் தண்ணீரை யாரும் வண்டிக்கு ஊற்ற மாட்டார்கள், ஊற்றவும் கூடாது. ஆகவே போர்வெல் தண்ணீரில் கழுவுகிறோம். அது வாயில் வைக்க முடியாத உவர்நீர். வாரந்தோறும் பாசத்தோடு கழுவப்பட்ட கார், கழுவப்படாத காரைவிட விரைவாக அரித்துப்போவதை நான் பார்த்திருக்கிறேன். மழைநீரைத் தொட்டியில் சேர்த்து வைத்து, மாதத்துக்கு ஒருமுறை அடிப்பாகத்துக்கு மட்டுமாவது அதைப் பீய்ச்சினால் போதும். இதைவிடக் கொடியது மீன் பெட்டி. ஐஸ் போட்ட இறாலும் நண்டும் பின்னிருக்கையை மடக்கிவிட்டு ஏற்றப்படும்போது வழியும் உப்புநீர், தரைவிரிப்புக்கு அடியில் இறங்கித் தங்குகிறது. விற்பவர் வாசனைத் திரவியம் தெளித்து வைத்திருப்பார். விரிப்பைத் தூக்கிப் பார்த்தால்தான் விவரம் தெரியும். பழைய கார் வாங்கப் போகிறவர் அதிகமான நறுமணத்தை ஓர் எச்சரிக்கையாகக் கொள்வது நல்லது.

இந்த இடத்தில்தான் நம் ஊர்ப் பேச்சு ஒன்றைத் திருத்த விரும்புகிறேன். "குறைவாக ஓடிய வண்டி" என்பது இங்கே பெரும் புகழ்ச்சி. கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி ஆகிய ஊர்களில், வளைகுடா நாடுகளில் உழைப்பவர்கள் விடுமுறையில் வந்து கார் வாங்குகிறார்கள். இரண்டு மாதம் ஓட்டிவிட்டு, உறை போட்டு மூடி நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். ஐந்து ஆண்டுகளில் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத அத்தகைய கார் விற்பனைக்கு வந்தால், அதைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள். ஆனால் கடற்கரையில் நிற்கும் வண்டி ஓய்வெடுப்பதில்லை. உறைக்குள் ஈரம் தேங்குகிறது. சோளகக் காற்றில் உறை அசையும்போதெல்லாம் அதனுள் புகுந்த மணல் வர்ணத்தை உரசுகிறது. பிரேக் பாகங்கள் பிடித்துக்கொள்கின்றன. டயரின் பக்கச்சுவரில் வெடிப்பு விழுகிறது. உள்நாட்டில், பரமக்குடிக்கு மேற்கே, நாள்தோறும் ஓடி எண்பதாயிரம் கிலோமீட்டரைக் கடந்த வண்டி, கடற்கரைக் கொட்டகையில் நின்ற பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் வண்டியைவிடப் பாதுகாப்பாக இருக்கலாம். மீட்டரில் உள்ள எண் என்ஜினின் வயதைச் சொல்லும். கூட்டின் வயதைச் சொல்லாது.

டயரைப் பொறுத்தவரையும் இதே ஏமாற்றம் உண்டு. ஓடாத வண்டியின் டயரில் வரிப்பள்ளம் ஆழமாக இருக்கும், புதிதுபோலத் தோன்றும். டயரின் பக்கவாட்டில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படிக்க வேண்டும்: 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். ஆறேழு ஆண்டு கடந்த ரப்பரை, பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், நெடுஞ்சாலைக்கு நான் நம்ப மாட்டேன்.

இனி, கட்டுரையில் பேசப்பட்ட நட்சத்திரங்களுக்கு வருகிறேன். பாரத் என்கேப் என்னும் நம் நாட்டு மதிப்பீடு 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், காரின் முகப்பில் 40 சதவீதம் மட்டும் ஒரு தடுப்பில் மோதுமாறு விடுகிறார்கள். பக்கவாட்டில் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மோதலும், கம்பத்தில் 29 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மோதலும் உண்டு. பெரியவர்களின் பாதுகாப்புக்கு 32 புள்ளிகள், குழந்தைகளின் பாதுகாப்புக்கு 49 புள்ளிகள் என்று தனித்தனியே கணக்கிட்டு நட்சத்திரம் தரப்படுகிறது. இது நல்ல ஏற்பாடு. 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு நம் நாட்டில் அதிகம் விற்ற சிறிய கார்களைச் சோதித்து, ஐந்து கார்களுக்கும் பூஜ்யம் போட்ட காலத்தை நினைத்துப் பார்த்தால், நாம் வந்த தூரம் விளங்கும்.

ஆனால் பழைய கார் வாங்குபவர் இந்த நட்சத்திரத்தைக் கையாளும்போது இரண்டு இடங்களில் வழுக்கி விழுகிறார். முதலாவது, பெயர். ஒரே பெயரில் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கூடுகள் விற்கப்படுகின்றன. 2024-இல் புதிய மாருதி டிசையர் கார் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது என்பதற்காக, 2015-இல் பதிவான டிசையரை "ஃபைவ் ஸ்டார் வண்டி" என்று புரோக்கர் விற்பது, அண்ணன் வாங்கிய மதிப்பெண் பட்டியலைத் தம்பி கொண்டுவந்து நீட்டுவது போன்றது. இரண்டாவது, பரீட்சையே மாறியிருக்கிறது. டாடா நெக்ஸான் கார் 2018 டிசம்பரில் ஐந்து நட்சத்திரம் பெற்றது, இந்தியாவில் தயாரான கார்களில் அதுவே முதல் என்பது பெருமைக்குரிய செய்திதான். ஆயினும் கம்பத்தில் பக்கவாட்டாக மோதும் சோதனையும், சறுக்கலைத் தடுக்கும் ஈ.எஸ்.சி. அமைப்பும் குளோபல் என்கேப் விதிகளில் 2022 ஜூலை முதலே வலியுறுத்தப்பட்டன. அன்றைய ஐந்தும் இன்றைய ஐந்தும் ஒரே வினாத்தாளுக்கு எழுதிய விடைகள் அல்ல. ஆகவே, எத்தனை நட்சத்திரம் என்று கேட்பதோடு, எந்த ஆண்டுச் சோதனை, எந்த மாதம் முதல் தயாரான வண்டிகளுக்கு அது பொருந்தும் என்பதையும் கேட்க வேண்டும். குளோபல் என்கேப் அறிக்கைகளில், கூடு நிலையானது அல்லது நிலையற்றது என்று ஒரு சொல் இருக்கும். நட்சத்திர எண்ணிக்கையைவிட அந்த ஒரு சொல்லையே நான் முதலில் தேடுவேன். பை, பட்டை ஆகியவற்றைப் பின்னாளில் மாற்றலாம். நிலையற்ற கூட்டை எந்த ஒர்க்‌ஷாப்பும் நிலைநிறுத்த முடியாது.

வேகத்தைப் பற்றியும் ஆசிரியன் என்ற முறையில் ஒரு வரி. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்கிறது. 64-இல் சோதிக்கப்பட்ட கார் 100-இல் போகும்போது, அதனுள் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரை நேர்கோடாகக் கிடக்கும் சாலையில் நூறைத் தாண்டுகிறவர்களின் வண்டியில் ஒட்டியிருக்கும் நட்சத்திரம், அந்த வேகத்துக்குக் கொடுக்கப்பட்டதல்ல.

பழைய காரில் எந்த ஆண்டுக்குப் பிந்தையதைத் தேடலாம் என்று என்னைக் கேட்பவர்களுக்கு, சட்டம் மாறிய நாள்களையே கூறுகிறேன். அழுத்தி மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக், எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஏப்ரலில். ஓட்டுநருக்குக் காற்றுப்பை, இருக்கைப் பட்டை நினைவூட்டும் ஒலி, வேக எச்சரிக்கை, பின்புற பார்க்கிங் சென்சார் ஆகியவை கட்டாயமானவை அதே ஆண்டு ஜூலையில். முன்னிருக்கையில் பக்கத்தில் அமர்பவருக்கும் காற்றுப்பை என்பது 2021 முடிவுக்குள் எல்லா மாடல்களுக்கும் வந்துசேர்ந்தது. ஆகவே 2022-இலோ அதற்குப் பிறகோ தயாரான சிறிய கார், அதே விலைக்குக் கிடைக்கும் 2014-ஆம் ஆண்டுப் பெரிய காரைவிட எங்கள் ஊருக்கு ஏற்றது என்பது என் கருத்து. எடை கூடிய கார் மோதலில் வெல்லும் என்று இயற்பியல் தெரிந்தவர்கள் மறுப்புச் சொல்லக்கூடும். கூடு முழுதாக இருக்கும்வரை அந்த வாதம் சரி. எட்டு ஆண்டுகள் கூடுதலாக உப்பு தின்ற கூட்டுக்கு அந்த வாதம் செல்லாது. ஏ.பி.எஸ். பற்றி ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துவிடுகிறேன். தனுஷ்கோடிச் சாலையில் மணல் ஏறிக் கிடக்கும் இடங்களில் ஏ.பி.எஸ். உள்ள வண்டி நிற்க அதிக தூரம் எடுத்துக்கொள்ளக்கூடும். ஸ்டியரிங் நம் சொல் கேட்கும் என்பதே அதன் நன்மை.

பார்க்க வேண்டிய முறைக்கு வருகிறேன். காரைப் பகலில், கழுவாத நிலையில் பாருங்கள். அருகில் உள்ள வாட்டர் சர்வீஸ் நிலையத்துக்கு ஓட்டிச் சென்று, ராம்ப்பில் ஏற்றச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய் செலவாகும், அதை நீங்களே கொடுத்துவிடுங்கள். விற்பவர் இதற்குத் தயங்கினால், தயக்கமே விடை. அடியில் புத்தம் புதிய கறுப்புப் பூச்சு பளபளத்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். புதுக் காருக்கு முதல் மாதத்தில் அடிக்கும் பூச்சு காப்பு. பத்து வயதுக் காருக்கு விற்பனைக்கு முந்திய வாரம் அடித்த பூச்சு மறைப்பு, அதற்கு அடியில் துரு மேலும் வசதியாக வேலை செய்யும். அடிப்பெட்டி நெடுகிலும் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால், நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், பட்டி அடைத்த இடம் சப்பென்று ஒலிக்கும். மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தம் ஒன்றை வைத்துப் பார்த்தாலும் பட்டி இருக்கும் இடத்தில் அது ஒட்டாது. ஜாக்கி வைக்கும் நான்கு இடங்கள், பின்சக்கர வளைவின் உட்புறம், ஸ்பிரிங் அமரும் தட்டு, இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டுகள், இருக்கைப் பட்டையின் கீழ்ப்பூட்டு ஆகியவற்றை விட்டுவிடக் கூடாது. தரைக்கு அடியில் ஓடும் பிரேக் குழாய்களைப் பற்றி யாருமே கேட்பதில்லை. அவையும் இரும்புதான்; செதில் செதிலாக உரியத் தொடங்கிய குழாய், நீங்கள் அவசரமாக மிதிக்கும் அந்த ஒரு தடவையில் வெடிக்கும். டிஸ்க்கின் மேல் ஒரு நாள் மழையில் படரும் மஞ்சள் துருவைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, இரண்டு தடவை பிரேக் மிதித்தால் அது போய்விடும்.

துருத் தின்ற இடத்தில் தகடு வைத்துப் பற்றவைத்தால் போதாதா என்று கேட்கலாம். தரைத்தகட்டில் ஒரு சிறு ஓட்டைக்குப் போதும். அடிப்பெட்டியிலும் தூணிலும் இக்காலக் கார்களில் பயன்படும் உயர்வலு எஃகு, டிங்கரிங் கடையின் கேஸ் வெல்டிங் சூட்டில் தன் வலுவை இழந்துவிடும். வெளித்தோற்றத்துக்கு ஒட்டு நன்றாக இருக்கும். மோதலில் அந்த இடமே முதலில் மடியும்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2015-லும் 2023-லும் சென்னையில் மூழ்கியவை, 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் மூழ்கியவை, 2024 நவம்பரில் எங்கள் ராமேசுவரம், பாம்பன் தெருக்களிலேயே நீரில் நின்றவை என எதுவும் ஆர்.சி. புத்தகத்தில் எழுதப்பட்டு வருவதில்லை. இருக்கைப் பட்டையை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள். கடைசி முழத்தில் சேற்றுக் கோடு இருந்தால் வந்த வழியே திரும்பிவிடலாம். காப்பீட்டு நிறுவனத்திடம் பழைய இழப்பீட்டு விவரத்தை விற்பவரைக் கொண்டே கேட்டு வாங்குங்கள்.

சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கைத் துண்டித்திருக்கிறார்கள், அணையவே இல்லையென்றால் பழுது. வெடித்த பைக்குப் பதில் வேறு பை வைக்காமல் மூடியை மட்டும் ஒட்டிவைத்த வண்டிகளும் சந்தையில் உண்டு. உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்ட டகாட்டா நிறுவனக் காற்றுப்பைகள், ஈரப்பதமும் வெப்பமும் நீண்டநாள் சேர்ந்து தாக்கிய இடங்களில்தான் சிதறி உயிரை வாங்கின. நம் கரை அந்த இரண்டுக்கும் பெயர்போனது. ஹோண்டா, டொயோட்டா உள்ளிட்ட நிறுவனங்களின் சில பழைய மாடல்கள் அதில் அடங்கும். சேசிஸ் எண்ணைக் கொடுத்தால், அந்த வண்டியில் பை மாற்றப்பட்டுவிட்டதா என்பதை நிறுவனமே சொல்லிவிடும், மாற்றித் தருவதும் இலவசம்.

இன்னும் ஒன்று: இருக்கைப் பட்டைப் பூட்டில் ஓர் உலோக நாக்கை மட்டும் செருகி, எச்சரிக்கை ஒலியை ஏமாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். இந்தக் கள்ளக் கிளிப்புகளை விற்கக்கூடாதென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் இணைய விற்பனைத் தளங்களுக்கு உத்தரவிட்டது. பட்டை போடாதவரைக் காற்றுப்பை காப்பதில்லை. அந்தக் கிளிப்பைச் செருகிவைத்தவர், பிரேக் ஆயிலையும் காலத்தில் மாற்றியிருக்க மாட்டார் என்று நான் ஊகித்துக்கொள்வேன்.

புதுக் கார் வாங்கும் வசதி உள்ளவர்களுக்கு என் சொல் சுருக்கமானது. பெரிய திரைக்கும் மேற்கூரைக் கண்ணாடிக்கும் கொடுக்கும் கூடுதல் பணத்தை, ஆறு காற்றுப்பைகளும் ஈ.எஸ்.சி.யும் உள்ள வகைக்குக் கொடுங்கள். ஷோரூமில் ஆட்கள் மைலேஜை மனப்பாடமாகச் சொல்வார்கள். துருவுக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், அதில் கடற்கரைப் பயன்பாடு விலக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டால் மேலாளரைத் தேடிப் போவார்கள். அவர் வரும்வரை காத்திருங்கள். பம்பருக்கு முன்னே இரும்புக் குழாய் மாட்டிக்கொள்ளாதீர்கள். 2017-லேயே மத்திய அரசு அதைத் தடை செய்துவிட்டது, அது மோதலின் போக்கை மாற்றிக் காற்றுப்பை விரியும் நேரத்தைக் குழப்பும். இருக்கையின் பக்கத்தில் காற்றுப்பை உள்ள காருக்கு, அந்தப் பக்கத்தை மூடித் தைத்த உறையைப் போடுவதும் அத்தகைய தவறே.

இறுதியாக, அதிகாரிகளின் பார்வைக்கு ஒரு வேண்டுகோள். வாடகை வாகனம் எட்டு ஆண்டுகள்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும். சொந்தக் கார் பதிவான நாளிலிருந்து பதினைந்து ஆண்டுகள், ஒரு தடவைகூட யாரிடமும் அடிப்பாகத்தைக் காட்ட வேண்டியதில்லை. அதற்குள் அது மூன்று கை மாறலாம். ஒவ்வொரு மாற்றத்திலும் 29, 30-ஆம் எண் படிவங்களும் காப்பீடும் புகைச் சான்றும் சரிபார்க்கப்படுகின்றன, இரும்பு சரிபார்க்கப்படுவதில்லை. கோயம்புத்தூருக்கு இந்தப் பதினைந்து ஆண்டுக் கணக்கு பொருந்தலாம். பாம்பனுக்குப் பொருந்தாது. நாடு முழுவதற்குமான சட்டத்தை மாவட்ட அளவில் மாற்ற முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் விரும்பி வருவோருக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு, காரை ராம்ப்பில் ஏற்றிப் பார்த்து, உள்ளது உள்ளபடி ஒரு தாளில் எழுதிக் கொடுக்கும் வசதியை ராமநாதபுரத்திலும் ராமேசுவரத்திலும் ஏற்படுத்த எந்தச் சட்டமும் தடையில்லை. மாவட்டத்தில் உள்ள தொழிற்பயிற்சி நிலையங்களின் மோட்டார் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்கு அது நல்ல பயிற்சியாகவும் அமையும். மாவட்ட நிர்வாகமும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் இதைப் பரிசீலிக்க வேண்டும். தங்கள் நாளிதழும் இதற்குக் குரல் கொடுக்க வேண்டும்.

என் காரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். நாற்பதாயிரம் ரூபாயில் தகடு வைத்து, பட்டி போட்டு, வர்ணம் அடித்து, மேற்கு மாவட்டத்துக்காரர் யாருக்காவது தள்ளிவிடலாம் என்று அதே புரோக்கர் யோசனை சொன்னார். நான் உடன்படவில்லை. பதிவை ரத்து செய்து, அங்கீகாரம் பெற்ற வாகன அழிப்பு நிலையத்துக்கு அனுப்ப விண்ணப்பித்திருக்கிறேன். அதுவரை வண்டி என் வீட்டு வேப்பமரத்தடியில், நான்கு செங்கல் அடுக்குகளின் மேல் நிற்கிறது. வெள்ளை வர்ணம் இன்றும் பளபளப்பாகத்தான் இருக்கிறது. பழைய கார் பார்க்கப் போகும் முன் அதை வந்து பார்க்கிறேன் என்று அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து இதுவரை ஏழு பேர் வந்து போயிருக்கிறார்கள். வருகிறவர்கள் ஒரு திருப்புளி கொண்டுவந்தால் போதும். எங்கே குத்திப் பார்க்க வேண்டும் என்பதை நான் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்.